றோய் பிரான்சிஸ்: ஆட்டக்காரரும் ஆசானும்



விளையாட்டு வீரன் ஒருவனின் பெருமையை அளப்பதற்கு உலகம் கைக்கொள்ளும் கோல் ஒன்றுண்டு. தன் நாட்டின் சார்பில் அவன் எத்தனை ஆட்டங்களில் இறங்கினான் என்று கேட்பதே அக்கோல். ஐம்பது என்றால் வியப்போம். இருபது என்றால் பாராட்டுவோம். ஒன்று என்றால், வந்தான், போனான் என்று சொல்லி அடுத்த பெயருக்குச் சென்றுவிடுவோம். இன்று நான் பேச எடுத்துக்கொண்ட மனிதர் அந்தக் கோலின்படி ‘ஒன்று’ என்னும் வரிசையைச் சேர்ந்தவர். பெரிய பிரித்தானியாவின் அணியில் அவர் ஆடியது ஒரேயொரு முறை. ஆயினும் அந்த விளையாட்டின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் எவரும் அவரைத் தாண்டிச் செல்ல முடிவதில்லை. அவர் பெயர் றோய் பிரான்சிஸ். அவர் ஆடிய ஆட்டம் றக்பி லீக்.

றக்பி என்றதும் நம் நாட்டு நேயர்கள் பலருக்கு றோயல் கல்லூரியும் கண்டித் திரித்துவக் கல்லூரியும் மோதும் பிராட்பி கேடய ஆட்டம் நினைவுக்கு வரும். அது அணிக்குப் பதினைந்து பேராக ஆடப்படும் றக்பி யூனியன். நான் கூறப்போவது அதனின்று பிரிந்த மற்றொரு கிளையைப் பற்றியது. அந்தப் பிரிவினையின் கதையை அறியாமல் றோய் பிரான்சிஸின் வாழ்வை விளங்கிக்கொள்ளல் அரிது. ஆதலின் அதனை முதலிற் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், இங்கிலாந்தின் வடபகுதியிலே, யோர்க்ஷயர், லங்காஷயர் மாவட்டங்களில், சுரங்கத் தொழிலாளரும் ஆலைத் தொழிலாளரும் றக்பி ஆடினார்கள். சனிக்கிழமை ஆட்டத்துக்குப் போனால் அன்றைய வேலை கெடும். வேலை கெட்டால் கூலி கெடும். இழந்த கூலியையாவது ஈடுசெய்தல் வேண்டும் என்று வடபகுதிக் கழகங்கள் கேட்டன. விளையாட்டுக்குப் பணம் வாங்குவது இழிவு என்று தெற்கேயிருந்த தலைவர்கள் மறுத்தார்கள். கூலியை நம்பி வாழாதவர்களுக்கு அப்படிச் சொல்வது எளிது. 1895ஆம் ஆண்டு ஓகஸ்ட் 29ஆந் திகதி, ஹடர்ஸ்பீல்ட் நகரிலுள்ள ஜோர்ஜ் ஹோட்டலில் வடபகுதிக் கழகங்கள் கூடிப் பிரிந்து தனிச் சங்கம் அமைத்தன. நாளடைவில் அவர்களுடைய ஆட்டமே வேறாயிற்று. 1906இல் அணிக்குப் பதின்மூன்று பேர் என்று வரையறுத்தார்கள். பந்துடன் ஓடுபவர் பிடித்து வீழ்த்தப்பட்டால், அவர் எழுந்து பந்தைக் காலாற் பின்னே தள்ளி ஆட்டத்தைத் தொடரலாம் என்று விதித்தார்கள். ஓட்டமும் கைமாற்றமும் மிகுந்த, விறுவிறுப்பான ஆட்டமாக அது வளர்ந்தது. எதிரணியின் கோட்டுக்கு அப்பாற் பந்தை நிலத்தில் ஊன்றுவதற்கு ‘ட்றை’ என்று பெயர். நான் சொல்லப்போகும் காலத்தில் அதற்கு 3 புள்ளிகள். கம்பங்களுக்கிடையே உதைத்துப் பெறும் கோலுக்கு 2 புள்ளிகள்.

வேல்ஸ் நாட்டின் நிலையோ வேறு. அங்கு பதினைந்து பேர் றக்பியே மக்களின் உயிர். ஆயினும் வறுமை வாட்டியபோது வேல்ஸ் இளைஞர் பலர் வடக்கே சென்று பணத்துக்காகப் பதின்மூன்று பேர் ஆட்டத்தில் சேர்ந்தார்கள். அவ்வாறு சேர்ந்தவரைப் பழைய ஆட்டம் ஆயுள் முழுவதும் விலக்கி வைத்தது. சொந்த ஊர்க் கழகத்துக்குக்கூட அவர் திரும்பி ஆட இயலாது. ‘வடக்கே போதல்’ என்ற சொல்லுக்கு வேல்ஸ் கிராமங்களில் ஏறத்தாழ நாடுகடத்தல் என்றே பொருள்.

கறுப்பின இளைஞருக்கு அங்கே இன்னுமொரு தடை இருந்தது. வேல்ஸ் நாட்டின் பதினைந்து பேர் அணியில் கறுப்பின வீரர் ஒருவருக்கு முதன்முதலாக இடங்கிடைத்தது 1980களிலேதான். வடக்கேயோ, விகன் கழகத்தில் ஆடிய ஜோர்ஜ் பெனெற் என்ற கறுப்பின வீரர் 1935ஆம் ஆண்டிலேயே வேல்ஸின் றக்பி லீக் அணியில் ஆடிவிட்டார். இரு தேதிகளுக்கும் இடையே ஏறத்தாழ அரை நூற்றாண்டு கிடக்கிறது. வடக்கே போன கறுப்பின இளைஞர்கள் பணத்துக்காக மட்டும் போகவில்லை என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

றோய் பிரான்சிஸ் 1919ஆம் ஆண்டு கார்டிப் நகரிற் பிறந்தவர். வளர்ந்தது பிறின்மோர் என்னும் மலைப்பாங்கான சிற்றூரில். நிலக்கரியையும் இரும்பையும் நம்பி வாழ்ந்த அந்தப் பகுதியை 1930களின் பொருளாதார மந்தம் கடுமையாகத் தாக்கியிருந்தது. பள்ளிப் பருவம் நீங்கிச் சில ஆண்டுகளே ஆன பிள்ளை ஓட்டத்தில் வல்லவன் என்ற செய்தி வடக்கே எட்டியது. 1936ஆம் ஆண்டு, பதினேழு வயதில், அவர் விகன் கழகத்தில் ஒப்பந்தமானார். நெடுந்தொலைவு ஓடவல்ல வேகக்காரர்களை நிறுத்தும் ஓர இடம் அவருக்குக் கிடைத்தது.

விகனில் அவர் நெடுங்காலம் நிலைக்கவில்லை. ஹரி சண்டர்லன்ட் என்னும் அவுஸ்திரேலியர் அக்கழகத்தின் முகாமையாளராக வந்தபின், 1939ஆம் ஆண்டுத் தொடக்கத்தில், பிரான்சிஸ் பாரோ என்ற கப்பற்கட்டும் நகரின் கழகத்துக்கு மாற்றப்பட்டார். அதே ஆண்டில் உலகப் போர் மூண்டது. அவர் படையிற் சேர்ந்து சார்ஜன்ட் ஆனார். போர்க்காலத்தில் டியூஸ்பெரி கழகத்துக்கு விருந்தினராகவும் ஆடினார். இவ்விடத்தில் ஒரு புதுமையைக் கவனித்தல் வேண்டும். வடக்கே போனவரைத் தீண்டாதிருந்த பதினைந்து பேர் றக்பி, போர்க்காலத்தில் மட்டும் படையணிகளின் ஆட்டங்களில் அந்த விலக்கைத் தளர்த்தியது. பிரான்சிஸும் படையணிக்காகப் பதினைந்து பேர் ஆட்டம் ஆடினார். போர் முடிந்ததும் அந்தக் கதவு மறுபடியும் சாத்தப்பட்டது.

1946ஆம் ஆண்டு பிறந்தது. போருக்குப் பின் முதன்முறையாகப் பிரித்தானிய அணி அவுஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் பயணம் புறப்படவிருந்தது. பயணிகள் கப்பல் கிடைக்காமையால் ‘இன்டொமிற்றபிள்’ என்னும் போர்க்கப்பலில் அணி சென்றது. அணியின் தலைவர் கஸ் றிஸ்மன். கார்டிப் துறைமுகத்தை அண்டிய ‘டைகர் பே’ என்ற குடியிருப்பிலே, குடியேறி வந்த பெற்றோருக்குப் பிள்ளையாக வளர்ந்தவர். பிரான்சிஸ் அப்போது 27 வயது நிரம்பியவர்; ஓர் ஓர வீரனுக்கு அதுவே கனிந்த பருவம். அவருடைய ஆட்டத்தைக் கண்டவர் எல்லாரும் அவர் பெயர் பட்டியலில் இருக்கும் என்றே எதிர்பார்த்தனர். பட்டியல் வந்தது; அவர் பெயர் அதில் இல்லை.

ஏன்? 1901ஆம் ஆண்டு முதல் அவுஸ்திரேலியா வெள்ளையரல்லாதார் குடிபுகுவதைத் தடுக்கும் சட்டத்தை வைத்திருந்தது. விருந்தோம்பும் நாட்டுக்கு மனச்சங்கடம் நேரக்கூடாது என்று எண்ணியே ஒரு கறுப்பு வீரரைத் தேர்வாளர்கள் விட்டுவிட்டார்கள் என்பது வரலாற்றாசிரியர் பலரும் கொண்டுள்ள முடிபு. கப்பல் புறப்பட்டது. அந்த அணி அவுஸ்திரேலியாவுக்கெதிரான ஒரு டெஸ்ற் ஆட்டத்திலேனும் தோற்காமல் ஆஷஸ் வெற்றியுடன் திரும்பியது; இன்றும் புகழப்படுகிறது. நாடு போற்றும் அந்த வரிசையில் நிற்கத் தகுதி பெற்றிருந்தும் நிற்க விடப்படாத ஒருவர் பாரோவிலே தன் கழகத்துக்காகத் தொடர்ந்து ஓடிக்கொண்டிருந்தார்.

அடுத்த ஆண்டு நியூசிலாந்து அணி இங்கிலாந்துக்கு வந்தது. மூன்று டெஸ்ற் ஆட்டங்கள். முதலாவதைப் பிரித்தானியா வென்றது; இரண்டாவதை நியூசிலாந்து வென்றது. 1947 டிசெம்பர் 20ஆந் திகதி, பிறட்போர்ட் நகரின் ஒட்சல் மைதானத்தில் தீர்ப்புக்குரிய மூன்றாம் ஆட்டம். அன்று ஓர வீரராகக் களம் இறங்கினார் றோய் பிரான்சிஸ். பெரிய பிரித்தானியாவின் சட்டையை அணிந்த முதற் கறுப்பின வீரர் அவரே. இரண்டு ட்றைகள் பெற்றார். பிரித்தானியா 25க்கு 9 என்ற கணக்கில் வென்று தொடரைத் தனதாக்கியது. இவ்வாறு ஆடிய ஒருவரை அடுத்த ஆட்டத்துக்கும் அழைப்பார்கள் என்றுதான் எவரும் நினைப்பார். அழைப்பு வரவில்லை. அந்த ஓர் ஆட்டத்தோடு அவருடைய பிரித்தானியக் கணக்கு முடிந்தது. வேல்ஸின் சார்பில் 1946க்கும் 1948க்கும் இடையில் 5 ஆட்டங்கள் ஆடினார்.

1948இல் வொறிங்ரன் கழகத்துக்கும், அடுத்த ஆண்டின் இறுதியில் யோர்க்ஷயர்க் கடற்கரைத் துறைமுகமான ஹல் நகரின் கழகத்துக்கும் அவர் மாறினார். ஆட்டக்காரராக 356 ஆட்டங்களில் 229 ட்றைகள் பெற்றார் என்று கணக்கெடுத்திருக்கிறார்கள். மூன்று ஆட்டத்துக்கு இரண்டு ட்றை என்பது எந்தக் காலத்திலும் உயர்ந்த கணக்கே. நேயர்களே, இம்மட்டோடு அவர் கதை முடிந்திருக்குமானால், தகுதிக்கேற்ற வாய்ப்புப் பெறாத நல்ல வீரர் என்று அனுதாபம் கொண்டு நாம் விட்டுவிடலாம். உண்மையில் அவருடைய பெரும்பணி இங்கேதான் தொடங்குகிறது.

1950களின் தொடக்கத்தில், இன்னும் ஆட்டக்காரராக இருக்கும்போதே, ஹல் கழகத்தின் பயிற்றுநர் பொறுப்பு அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. பிரித்தானியாவில் தொழில்முறை விளையாட்டு அணியொன்றைப் பயிற்றிய முதற் கறுப்பினத்தவர் என்று அவர் பெரும்பாலும் குறிப்பிடப்படுகிறார். அந்நாளில் பயிற்றுநர் என்றால் யார்? ஆட்டக்காரரை மைதானத்தைச் சுற்றி ஓடச் சொல்வார்; அடிபட்டால் வாளியும் பஞ்சும் எடுத்துக்கொண்டு ஓடுவார்; தோற்றால் உரத்த குரலில் ஏசுவார். இதற்குமேல் அந்தப் பதவிக்கு வேலை உண்டென்று எவரும் கருதியதில்லை.

பிரான்சிஸ் வேறு வழியிற் சென்றார். அவர் செய்தவற்றை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். தடகள வீரர் பயிலும் முறையிலே தம் ஆட்டக்காரருக்குக் குறுந்தூர ஓட்டப் பயிற்சி அளித்தார். பாரந்தூக்கும் பயிற்சியால் உடலுரம் ஊட்டினார். உண்ணும் உணவையுங் கவனித்தார். ஆட்டங்களைப் படம்பிடித்து, அந்தப் படத்தை ஆட்டக்காரருக்குத் திரையிற் காட்டி, இங்கே நீ நின்ற இடம் சரியா, இங்கே பந்தை யாருக்குக் கொடுத்திருக்க வேண்டும் என்று அவர்களையே சிந்திக்க வைத்தார். இன்று கல்லூரி அணிகள்கூட இவற்றை வழக்கமாகச் செய்கின்றன. அன்று இவை எவரும் கேட்டிராத புதுமைகள்.

இவற்றுக்கெல்லாம் மேலானது இன்னொன்று. தம் ஆட்டக்காரர் பகலெல்லாம் துறைமுகத்திலும் தொழிற்சாலையிலும் உழைத்து, மாலையிற் பயிற்சிக்கு வரும் மனிதர் என்பதை அவர் மறக்கவில்லை. ஒருவனுடைய மனத்தில் வீட்டுக்கவலை இருக்குமானால் அவனுடைய காலில் வேகம் இராது என்பது அவர் துணிபு. ஆட்டக்காரரின் மனைவியரும் பிள்ளைகளும் கழகத்தின் குடும்பத்தினரே என்று கொண்டு, அவர்கள் ஆட்டம் காண வருவதற்கு வசதி செய்தார். எவனைத் தட்டிக்கொடுக்க வேண்டும், எவனைத் தனித்து அழைத்துப் பேச வேண்டும், எவனைச் சற்றே சீண்டிவிட வேண்டும் என்று ஆளறிந்து நடத்தினார். மனவியல் என்ற சொல்லை விளையாட்டு மைதானத்தில் எவரும் உச்சரியாத காலத்தில், அதன் சாரத்தை அவர் அறிந்து கையாண்டார்.

இத்தகைய அறிவு அவருக்கு எங்கிருந்து வந்தது? பட்டியலிலே தன் பெயரைத் தேடிக் காணாதவனுடைய உள்ளம் என்ன பாடுபடும் என்பதைப் புத்தகத்திலிருந்து எவரும் அவருக்குக் கற்பிக்க வேண்டியிருக்கவில்லை என்று எண்ணத் தோன்றுகிறது. மனிதனைப் பொருளாக மதிக்கும் வழக்கத்தைக் கண்டவர், மனிதனை மனிதனாக மதித்தால் அவன் எவ்வளவு தருவான் என்பதைச் செய்து காட்டினார்.

பலன் விரைவிலேயே தெரிந்தது. ஹல் கழகத்தின் முன்வரிசை ஆட்டக்காரரைக் கண்டு மற்றக் கழகங்கள் அஞ்சின. ஜொனி வைற்லி, வேல்ஸிலிருந்து வந்த ரொமி ஹரிஸ், இரட்டையரான டிறேக் சகோதரர் ஆகியோர் அந்த வரிசையின் தூண்கள். 1956ஆம் ஆண்டுச் சம்பியன் இறுதி ஆட்டத்தில், மான்செஸ்ரர் நகரின் மெயின் றோட் மைதானத்தில், ஹலிபாக்ஸ் கழகத்தை ஹல் 10க்கு 9 என்று வென்றது. ஆட்டம் முடியும் தறுவாயிற் கொலின் ஹற்றன் உதைத்த தண்டனைக் கோலே வெற்றியைத் தந்தது. அடுத்த ஆண்டு இறுதியில் ஓல்டம் கழகத்திடம் ஒரே புள்ளியாற் தோற்றது. அதற்கடுத்த ஆண்டு, 1958இல், வேர்க்கிங்ரன் கழகத்தை 20க்கு 3 என வீழ்த்தி மீண்டும் சம்பியன் ஆனது. 1959இலும் 1960இலும் வெம்பிளி மைதானத்தின் கிண்ண இறுதி ஆட்டங்களுக்குச் சென்று இரண்டிலும் தோற்றது. தோல்வியையும் சொல்லத்தான் வேண்டும். ஓர் ஆசானின் வரலாறு வெற்றிப் பட்டியல் மட்டுமன்று.

1961ஆம் ஆண்டின் இறுதியில் கார்டிப்பைச் சேர்ந்த கறுப்பின இளைஞர் ஒருவர் ஹல் கழகத்தில் பரீட்சார்த்தமாக ஓர் ஆட்டம் ஆட வந்தார். பழைய ஆட்டத்தின் விலக்குக்கு ஆளாகாதிருக்கப் பெயர் மறைத்தே ஆடினார். மூன்று ட்றைகள் பெற்றார், மறுநாளே ஒப்பந்தமானார். அவர் பெயர் கிளைவ் சலிவன். அவரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் அவரிடம் மீளுவோம்.

1963இல் பிரான்சிஸ் லீட்ஸ் கழகத்தின் பயிற்றுநரானார். செல்வமும் பெயரும் மிக்க கழகம் அது. ஓட்டமும் கைமாற்றமும் மிகுந்த ஆட்டத்தை அங்கே அவர் வளர்த்தார். ஜோன் அற்கின்சன், அலன் சிமித், சிட் ஹைன்ஸ் முதலிய இளைஞர்கள் அவர் கையில் உருவானார்கள். 1966ஆம் ஆண்டின் பிற்பகுதியில் றக்பி லீக் விதியொன்று மாறியது. அதுவரை ஓர் அணி எத்தனை முறை வீழ்த்தப்பட்டாலும் பந்தைத் தன்னிடமே வைத்திருக்கலாம். இனி நான்கு முறைக்குமேல் இயலாது என்றாயிற்று. பந்தைப் பிடித்துவைத்துக்கொண்டு காலங்கடத்திய அணிகள் திகைத்தன. வேகத்தைப் பயின்றிருந்த லீட்ஸ் அணிக்கோ புதிய விதி தனக்கென்றே எழுதியதுபோல் அமைந்தது. 1966–67, 1967–68 ஆகிய இரு பருவங்களிலும் லீட்ஸ் கழகமே பட்டியலின் முதலிடத்தில் நின்றது.

1968 மே மாதம் 11ஆந் திகதி, வெம்பிளி மைதானத்தில், வேக்பீல்ட் கழகத்துக்கெதிரான கிண்ண இறுதி ஆட்டம். பெருமழையால் மைதானம் குளமாயிற்று. பந்துடன் விழுந்தவர் நீரிற் சறுக்கிக்கொண்டு போனார்கள். இறுதிக் கட்டத்தில் லீட்ஸ் 11, வேக்பீல்ட் 7. ஆட்டம் முடியச் சில கணங்களே இருக்கையில் வேக்பீல்ட் கழகத்தின் கென் ஹேர்ஸ்ற் பந்தைக் காலால் நகர்த்திச் சென்று கம்பங்களின் அடியில் ட்றை பெற்றார். 11க்கு 10. இனி எஞ்சியது கம்பங்களுக்கு நேரெதிரே நின்று உதைக்க வேண்டிய ஓர் உதை, எளிதான உதை. உதைக்க வந்தவர் டொன் பொக்ஸ்; அன்றைய சிறந்த ஆட்டக்காரர் என்று அதற்கு முன்பே தெரிவு செய்யப்பட்டிருந்தவர். ஈர நிலத்தில் உதை பிசகிற்று. பந்து விலகிப் போயிற்று. கிண்ணம் லீட்ஸ் கழகத்துக்கு. டொன் பொக்ஸின் துயரமே அந்த ஆட்டத்தின் நினைவாக இன்றும் பேசப்படுகிறது. பிரான்சிஸ் வெம்பிளியில் இருமுறை தோற்று மூன்றாம் முறை வென்றார் என்பதைச் சிலரே நினைக்கிறார்கள். அன்று லீட்ஸ் கழகத்துக்காக நான்கு கோல்கள் உதைத்தவர் பெவ் றிஸ்மன்; 1946ஆம் ஆண்டு அணித்தலைவர் கஸ் றிஸ்மனின் மகன். தந்தை தலைமை தாங்கிய கப்பலில் இடம்பெறாதவர், மகனுக்கு ஆசானாகி வெற்றிக் கிண்ணத்தை வாங்கித் தந்தார்.

அதன்பின் பிரான்சிஸ் அவுஸ்திரேலியாவுக்குச் சென்றார். ஆட்டக்காரராகப் போக விடப்படாத நாட்டுக்குப் பயிற்றுநராக அழைக்கப்பட்டமை விந்தையே. 1969, 1970 ஆகிய இரு பருவங்கள் நோர்த் சிட்னி கழகத்தைப் பயிற்றினார். அங்கே அவருக்கு எதிர்பார்த்த வெற்றி கிட்டவில்லை. நிறத்தை முன்னிட்ட அவமதிப்புகளையும் அவர் சந்திக்க நேர்ந்தது. நாடு திரும்பி மறுபடியும் ஹல் கழகத்திற் பணியாற்றினார். பின்னர் லீட்ஸ் கழகத்துக்கு மீண்டு, 1975ஆம் ஆண்டுப் பிறிமியர்ஷிப் இறுதியில் சென் ஹெலென்ஸ் கழகத்தை 26க்கு 11 என்று வென்றார். அதன்பின் பிறட்போர்ட் கழகத்தையும் பயிற்றினார். தாம் நாட்டுக்காக ஒரேயொரு முறை ஆடிய ஒட்சல் மைதானமே அக்கழகத்தின் இல்லம். 1989இல் அவர் மறைந்தார்.

நேயர்களே, இப்பொழுது நான் தொடக்கத்திற் கூறிய அளவுகோலுக்குத் திரும்புவோம். நாட்டுக்காக ஓர் ஆட்டம் என்ற கணக்கு பொய்யன்று. ஆனால் அது முழுக் கணக்கும் அன்று.

1970ஆம் ஆண்டு பிரித்தானிய அணி அவுஸ்திரேலியாவுக்குச் சென்று ஆஷஸ் தொடரை வென்றது. அதற்குப் பிந்திய அரை நூற்றாண்டுக் காலத்தில் அத்தகைய வெற்றி பிரித்தானியாவுக்குக் கிட்டியதில்லை. அந்த அணியின் பயிற்றுநர் யார்? ஹல் கழகத்தில் பிரான்சிஸின் கீழ் ஆடி, அங்கே அவருக்குப் பின் பயிற்றுநரான ஜொனி வைற்லி. சிட்னியில் நடந்த தீர்ப்பு ஆட்டத்தில் பிரித்தானியா பெற்ற ஐந்து ட்றைகளுள் இரண்டை அற்கின்சனும் ஒன்றைச் சிட் ஹைன்ஸும் பெற்றார்கள். இருவரும் லீட்ஸ் கழகத்திலே பிரான்சிஸிடம் பயின்றவர்கள். 1946இல் எந்த நாட்டின் வாயிற்படியை மிதிக்க அவர் விடப்படவில்லையோ, அந்த நாட்டிலே அவருடைய மாணாக்கர் அவ்வெற்றியை ஈட்டினார்கள்.

நிறத்தடையும் ஒரே நாளில் உடையவில்லை, படிப்படியாக உடைந்தது. 1954இல் கார்டிப்பின் பில்லி பொஸ்ரன் பிரித்தானிய அணியுடன் அவுஸ்திரேலியா சென்ற முதற் கறுப்பின வீரர் ஆனார். 1972இல் உலகக் கிண்ணப் போட்டியிற் பிரித்தானிய அணிக்குத் தலைமை தாங்கினார் மற்றொருவர். பிரித்தானியாவின் தேசிய அணி ஒன்றுக்குத் தலைவரான முதற் கறுப்பினத்தவர் அவரே. பிரான்ஸ் நாட்டின் லியோன் நகரில் அவுஸ்திரேலியாவுக்கெதிரான இறுதி ஆட்டத்தில் நெடுந்தூரம் ஓடி ஒரு ட்றையும் பெற்றார். ஆட்டம் 10க்கு 10 எனச் சமமாக முடிந்தது. முந்திய சுற்றில் முன்னணியில் நின்றமையால் கிண்ணம் பிரித்தானியாவுக்குக் கிடைத்தது. அந்தத் தலைவர்தாம், பெயர் மறைத்து ஹல் கழகத்திற் பரீட்சை ஆட்டம் ஆடிய கிளைவ் சலிவன். பிரான்சிஸ் பயிற்றுநராக இருந்த காலத்திலே அக்கழகத்துள் நுழைந்தவர்.

தமக்கு மறுக்கப்பட்டதை எண்ணிக் கசந்து ஒதுங்கியிருந்தால் அவரை யாரும் குறைகூற முடியாது. அவர் அவ்வாறு ஒதுங்கவில்லை. மறுக்கப்பட்டதைப் பிறர் பெறுவதற்கான வழியைத் தம் கையால் அமைத்தார். இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அவருடைய பொறுமையைப் புகழ்ந்து, அவருக்கு இழைக்கப்பட்ட அநீதியை மறந்துவிடுதல் தகாது. 1946ஆம் ஆண்டுக் கப்பலில் அவருக்குரிய இடம் வெறுமையாகவே இருந்தது. பிற்காலத்துப் பாராட்டு எதுவும் அந்த இடத்தை நிரப்பாது.

நெடுங்காலம் அவர் பெயர் விளையாட்டு வரலாறு பயில்வோர் சிலருக்கு மட்டுமே தெரிந்திருந்தது. 2023ஆம் ஆண்டில், அவர் வளர்ந்த பிறின்மோரிலே அவருக்கு வெண்கலச் சிலை எழுப்பினார்கள். பதினேழு வயதிற் பிழைப்புத் தேடி அந்த ஊரை விட்டுப் போனவர், மறைந்து முப்பது ஆண்டுகளுக்கு மேல் கழிந்தபின், அதே ஊரின் நடுவே வந்து நிற்கிறார்.

ஓடியவரின் புகழ் ஓட்டம் நின்றதும் குறையத் தொடங்கும். ஓடக் கற்பித்தவரின் பணியோ பிறருடைய கால்களிலே தொடர்ந்து ஓடும். நம் பாடசாலை மைதானங்களிலும், அணியின் பட்டியலில் தன் பெயரைத் தேடி நிற்கும் சிறுவன் ஒருவன் எப்போதும் உண்டு. அவனைத் தெரிவு செய்யும் அதிகாரம் உள்ளவர்களும், அவனைப் பயிற்றும் பொறுப்பு உள்ளவர்களும் றோய் பிரான்சிஸின் வாழ்வை ஒருமுறை நினைத்துப் பார்ப்பார்களாக.